ஆட்டோகேடிலிருந்து ரெவிட்டுக்கு: சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கான செய்முறை விளக்கம்

ஆட்டோகேட் கோடுகளால் வரையும் வரைபட மென்பொருள்; ரெவிட் கட்டடத்தை முப்பரிமாண மாடலாக உருவாக்கும் மென்பொருள். ஆட்டோகேடில் நாம் வரையும் சுவர் பெரும்பாலும் இரண்டு இணைகோடுகள்தான். ரெவிட்டில் அதே சுவர், தடிமன், பூச்சு, உயரம் ஆகியவற்றைத் தன்னுடன் வைத்திருக்கும் ஒரு பொருள். பிளானில் அதை நகர்த்தினால் செக்‌ஷன், எலிவேஷன் (வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம்), அளவுப் பட்டியல் அனைத்திலும் அது தானாகவே மாறிவிடும். இந்த வசதி வேண்டுமானால், வரையத் தொடங்குவதற்கு முன்பே அலுவலகம் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும்.

படி 1: சோதனைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்கும் ஒரு சிறிய வீட்டையோ இரண்டு மாடிக் கட்டடத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கு அனுப்பப்பட்டுவிட்ட வேலைகளைப் பாதியில் மாற்றாமல், பழைய மென்பொருளிலேயே முடித்துவிடுவது நல்லது.

படி 2: பதிப்பை முடிவு செய்தல்

ரெவிட் 2024இல் சேமித்த கோப்பு 2023இல் திறக்காது. பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமிக்கவும் வழியில்லை. எனவே கட்டமைப்புப் பொறியாளரும் பிற ஆலோசகர்களும் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, திட்டம் முடியும்வரை அதிலேயே நிலைத்திருங்கள்.

படி 3: டெம்ப்ளேட் தயாரித்தல்

டெம்ப்ளேட் என்பது ஒவ்வொரு புதிய திட்டத்தையும் தொடங்குவதற்கான முன்னமைப்புக் கோப்பு. நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். அளவு அலகை மில்லிமீட்டரில் அமைத்து, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் 230 மில்லிமீட்டர் செங்கல் சுவரையும் 115 மில்லிமீட்டர் தடுப்புச் சுவரையும் பூச்சு அடுக்குகளுடன் சுவர் வகைகளாகப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு கோட்டுத் தடிமன், எழுத்தளவு, அலுவலகத் தலைப்புக் கட்டம், ஒவ்வொரு வரைபடத்துக்குமான வியூ டெம்ப்ளேட் (காட்சி அமைப்புகளின் தொகுப்பு) ஆகியவற்றைச் சேருங்கள். கதவு, சன்னல் ஃபேமிலிகளை (ரெவிட்டில் பயன்படுத்தும் ஆயத்தப் பொருள்களை) இணையத்திலிருந்து அள்ளிப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் தேவையில்லாத நுணுக்கங்களுடன் வரும் கனமான ஃபேமிலிகள் கோப்பை மெதுவாக்கிவிடும் என்பதால், சோதித்துப் பார்த்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

படி 4: சர்வே வரைபடத்தை இணைத்தல்

ஆட்டோகேடில் உள்ள மனையின் சர்வே வரைபடத்தை இம்போர்ட் செய்யாமல் (கோப்புக்குள் சேர்த்துவிடாமல்) லிங்க் செய்யுங்கள் (வெளிக் கோப்பாகவே இணையுங்கள்). இம்போர்ட் செய்து எக்ஸ்ப்ளோடும் செய்தால் (தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தால்), அதன் லேயர்களும் (கோடுகளை வகைப்படுத்தும் அடுக்குகளும்) கோட்டு வகைகளும் உங்கள் கோப்பில் குப்பையாகத் தங்கிவிடும்.

அடுத்து ஆயத்தொலைவைக் கவனியுங்கள். யூடிஎம் என்னும் உலகளாவிய வரைபட ஆயத்தொலைவு முறையில் அளந்த சென்னை மனை ஒன்றின் வடக்கு அளவு பூமத்தியரேகையிலிருந்து 14 லட்சம் மீட்டருக்கு மேல் வரும். ரெவிட்டோ, மாடலை அதன் உள் தொடக்கப்புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. அதைத் தாண்டினால் கோடுகளின் துல்லியம் குலையத் தொடங்கும். ஆகவே லிங்க் செய்யும்போது சர்வே வரைபடத்தின் மையம் அந்தத் தொடக்கப்புள்ளியில் அமரும்படி தேர்ந்தெடுத்து, பின்னர் 'அக்வயர் கோஆர்டினேட்ஸ்' கட்டளையால் உண்மையான ஆயத்தொலைவுகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு லெவல்களையும் (தள உயரங்கள்) கிரிட்களையும் (அச்சுக் கோடுகள்) வரைந்து, யாரும் தவறுதலாக நகர்த்திவிடாதபடி அவற்றை 'பின்' (pin) கட்டளையால் நிலைநிறுத்திவிடுங்கள்.

படி 5: பலர் சேர்ந்து வேலை செய்தல்

வொர்க்‌ஷேரிங்கை இயக்கி, எல்லோருக்கும் பொதுவான மூலக் கோப்பான சென்ட்ரல் மாடலை அலுவலக சர்வரில் வையுங்கள். ஒவ்வொருவரும் தம் கணினியில் லோக்கல் நகலைத் திறந்து அதில் வேலை செய்து, அவ்வப்போது சின்க்ரொனைஸ் செய்து மாற்றங்களைச் சென்ட்ரல் மாடலில் சேர்க்க வேண்டும். சென்ட்ரல் கோப்பை யாரும் நேரடியாகத் திறந்து வேலை செய்யக் கூடாது. டிராப்பாக்ஸ் போன்ற பொதுச் சேமிப்பகங்கள் இதற்கு ஏற்றவை அல்ல.

படி 6: வெளியே அனுப்புதல்

ஆட்டோகேடிலேயே தொடரும் ஆலோசகர்களுக்காக, டிடபிள்யூஜி (ஆட்டோகேட் கோப்பு வடிவம்) ஏற்றுமதியில் எந்தப் பொருள் எந்த லேயருக்குப் போக வேண்டும் என்பதை ஒருமுறை அமைத்து டெம்ப்ளேட்டிலேயே சேமித்துவிடுங்கள். ஆர்க்கிகேட் போன்ற வேறு மாடலிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஐஎஃப்சி என்னும் பொது வடிவக் கோப்பாக அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் செக்‌ஷனில் ஏதேனும் பிழை தெரிந்தால், அதன்மேல் கோடு வரைந்து மறைக்காமல் மாடலிலேயே திருத்துங்கள். இல்லையெனில் அளவுப் பட்டியல் பழைய பிழையுடனேயே வெளியே போகும்.