கடைசியாக வருபவரை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்: துணை வாகனத்துடன் கூடிய குழு மிதிவண்டிப் பயணத்துக்கான ஏற்பாடுகளும் விதிகளும்

துணை வாகனத்துடன் நடத்தப்படும் குழு மிதிவண்டிப் பயணத்தில் சேருபவர், அமைப்பாளரின் ஒரு வாக்கை நம்பித்தான் பணம் கட்டுகிறார். உடைமைகளைத் தாம் சுமக்க வேண்டியதில்லை, வண்டி பழுதானால் நடுவழியில் கைவிடப்பட மாட்டோம், உடல் ஒத்துழைக்காவிட்டாலும் இருட்டுவதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதே அந்த வாக்கு. முன்னால் விரைந்து செல்பவர்களுக்குத் துணை வாகனம் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. குழுவின் கடைசியில் வருபவருக்குத்தான் அது தேவைப்படுகிறது. ஆகவே தூரம், நேரம், வாகனம், விதிகள் ஆகிய எதை முடிவு செய்தாலும், கடைசியாக வருபவருக்கு இது எப்படி அமையும் என்று கேட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூரமும் நேரமும்

சராசரி வேகத்தை வைத்து நாளைத் திட்டமிடுவதுதான் அமைப்பாளர்கள் பரவலாகச் செய்யும் பிழை. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், நிற்காமல் ஓட்டினால், 3 மணி 20 நிமிடத்தில் முடித்துவிடுவார். மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு மிதிக்கும் நேரம் மட்டுமே 5 மணி 43 நிமிடம் ஆகும்; தண்ணீர், உணவு, ஓய்வு, ஒரு பஞ்சர் ஆகியவற்றுக்கு இரண்டரை மணி நேரம் சேர்த்தால், காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர் பிற்பகல் மூன்றேகாலுக்குத்தான் வந்து சேருவார். இது சமதளத்துக்கான கணக்கு. ஏற்றமோ எதிர்காற்றோ இருந்தால் மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். இந்தக் கணக்கின்படி கடைசி நபர் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது வந்து சேராவிட்டால், அந்த நாளின் தூரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட்டிய பின் முதலில் செல்பவர் 72ஆவது கிலோமீட்டரிலும் கடைசியில் வருபவர் 42ஆவது கிலோமீட்டரிலும் இருப்பார்கள். முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிவிட்ட ஒரு குழுவை ஒரே வாகனத்தால் கவனிக்க முடியாது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. மெதுவாக ஓட்டுபவர்களை முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பச் செய்வது ஒன்று. மதிய உணவிடத்தில் அனைவரும் சேரும் வரை யாரும் முன்னே செல்லக் கூடாது என்று விதி வைப்பது மற்றொன்று. முதல் வழியே நல்லது என்று நினைக்கிறேன். காத்திருந்து சலித்துப்போனவர்கள் உணவுக்குப் பின் இன்னும் வேகமாகக் கிளம்பிவிடுவார்கள். அப்போது குழு மறுபடியும் சிதறிவிடும்.

ஆடாக்ஸ் எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டி ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இடைநிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். சோதனைச் சாவடிகளுக்கு வெளியே பிறர் உதவியின்றித் தாமே சமாளிப்பதாக ஒப்புக்கொண்டு வருபவர்களுக்கான அளவு அது. பலதரப்பட்ட வயதும் உடல்நிலையும் கொண்ட சுற்றுலாக் குழுவுக்கு அதையே அளவுகோலாகக் கொள்வது நியாயமாகாது.

முதல் நாளின் தூரம் மற்ற நாள்களைவிடக் குறைவாக இருக்கட்டும். இருக்கையின் உயரம் சரியில்லாதது, புதிய காலணி கடிப்பது, பிரேக் உரசுவது போன்ற சிக்கல்களெல்லாம் முதல் நாளிலேயே தலைகாட்டும். அவற்றைச் சரிசெய்ய மாலையில் நேரம் வேண்டும்.

வழியை முன்கூட்டியே பார்வையிடும்போது காரில் மட்டும் போய்வருவது போதாது. தார்ச்சாலையின் ஓரம் எவ்வளவு உடைந்திருக்கிறது, இறக்கத்தின் வளைவில் சரளைக்கல் கிடக்கிறதா, தண்டவாளம் சாலையைச் சாய்வாகக் கடக்கிறதா என்பவையெல்லாம் கார் ஓட்டுபவரின் கண்ணில் படுவதில்லை. சாய்வாகக் கடக்கும் தண்டவாளத்தில் மெல்லிய சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதால், அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துச் செங்கோணத்தில் கடக்க வேண்டும் என்பதை வழிக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். கைபேசி சமிக்ஞை கிடைக்காத பகுதிகளையும், ஒவ்வொரு பகுதிக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கோப்பு கொடுத்தாலும், திருப்பங்களும் தூரங்களும் அச்சிடப்பட்ட ஒரு தாளும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். மழையில் கைபேசித் திரை விரலுக்குப் பணியாது; மின்கலமும் பிற்பகலில் தீர்ந்துபோகலாம்.

வாகனமும் வழித்துணையும்

மிதிவண்டி ஓட்டுபவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வரும் வாகனம் பாதுகாப்பு தருவதுபோல் தோன்றும். ஆனால் அது பின்னால் வரும் போக்குவரத்தை அடைத்துப் பொறுமை இழக்கச் செய்வதோடு, முந்திச் செல்ல முயல்பவர்களை எதிர்த்திசைக்கும் தள்ளிவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னே சென்று, சாலையை விட்டு விலகிய இடத்தில் நின்று, கடைசி நபர் கடந்த பிறகு அடுத்த இடத்துக்குச் செல்வதே சரியான முறை. எந்த நிறுத்தத்திலும் வாகனம் நிற்கப்போகும் இடத்தைக் காலையிலேயே அறிவித்துவிடுங்கள். அறிவித்த இடத்தை மாற்ற வேண்டாம்.

பெரும்பாலான திட்டங்களில் விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் விழுந்து கை முறிந்து, இருக்கும் ஒரே வாகனம் அவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றுவிட்டால், சாலையில் இருக்கும் மற்றவர்களுக்கு யார் துணை? உடைமைகளை ஏற்றிச் செல்லும் வாகனம் தங்குமிடத்தில் இறக்கிவிட்டு உடனே வழிக்குத் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்வது எளிய தீர்வு. அது முடியாவிட்டால், அழைத்தவுடன் வரக்கூடிய வாடகை வாகனம் ஒன்றைப் பயணத்துக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வாகனத்தில் எத்தனை பேரையும் எத்தனை மிதிவண்டிகளையும் ஏற்ற முடியும் என்பதையும் பங்கேற்பாளர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இருபது பேர் கொண்ட குழுவில் ஆறு பேருக்கு மட்டுமே இடம் உண்டு என்றால், புயல் வந்தால் அனைவரையும் எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்குத் தனித் திட்டம் தேவை.

யார் வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் வாகனத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பது முதல் விதியாக இருக்கட்டும். களைத்துப்போனவர் வெட்கப்பட்டு ஏறாமல் இருப்பதுதான் விபத்துக்கு வழிவகுக்கிறது. இடம் போதாத வேளையில் காயம்பட்டவர், நோயுற்றவர், வண்டி பழுதானவர், களைத்தவர் என்ற முன்னுரிமையைப் பின்பற்றலாம். அதே போல, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மூடும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் வராதவர்கள் வாகனத்தில் ஏறியாக வேண்டும் என்ற முடிவைப் பயணத் தலைவர் மட்டுமே எடுக்க வேண்டும். அது விவாதத்துக்கு உரியதன்று என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

ஸ்வீப் எனப்படும் கடைசி வழிகாட்டி எந்த நிலையிலும் யாரையும் முந்திச் செல்லக் கூடாது. பழுது பார்க்கத் தெரிந்தவராகவும், மெதுவாக ஓட்டுவதில் சலிப்படையாதவராகவும் உள்ளவரையே இந்தப் பணிக்குத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தங்களில் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்த பிறகே, பெயருக்கு எதிரே வந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். “அவர் எனக்குப் பின்னால்தான் வருகிறார்” என்று நண்பர் சொல்வதைக் கேட்டு ஒருபோதும் குறிக்கக் கூடாது. வழிகாட்டி வந்து சேர்ந்த பிறகும் ஒரு பெயருக்கு எதிரே நேரம் எழுதப்படாமல் இருந்தால், அவர் வழி தவறிவிட்டார் என்றே கொள்ள வேண்டும். உடனே அவரைக் கைபேசியில் அழைக்க வேண்டும்; பதில் இல்லையெனில் முந்தைய நிறுத்தம் வரை வாகனம் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். வேறு வழியில் செல்ல விரும்புபவரோ தங்குமிடத்துக்கு நேரே போய்விடுபவரோ பட்டியல் வைத்திருப்பவரிடம் தெரிவிக்கத் தவறினால், அவரைத் தேடுவதில் மற்றவர்களின் நாள் வீணாகும். இதைப் புறப்படும் முன் நடக்கும் கூட்டத்தில் அழுத்தமாகச் சொல்வது தவறாகாது.

பழுது பார்த்தலும் உதிரிபாகங்களும்

பதிவுப் படிவத்திலேயே டயரின் அளவையும் வால்வின் வகையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் 622, 584, 559 போன்ற மூன்றிலக்க எண்ணே நம்பத்தக்கது. 700சி என்றும் 29 அங்குலம் என்றும் இருவேறு பெயரில் விற்கப்படுபவை இரண்டும் 622தான் என்பதால், அங்குலக் கணக்கு குழப்பத்தையே தரும். ஷ்ரேடர் எனப்படும் தடித்த வால்வு, பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வுக்கான சிறிய துளையில் நுழையாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பின் கியரை மிதிவண்டியின் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்னும் சிறு துண்டு விஷயத்தில் துணை வாகனத்தை நம்பக் கூடாது. அது மாடலுக்கு மாடல் வேறுபடும்; வண்டி ஒருபுறமாக விழுந்தால் எளிதில் வளையும்; கடைகளிலும் உடனே கிடைப்பது அரிது. ஒவ்வொருவரும் தத்தம் வண்டிக்குரியதை ஒன்று கொண்டுவர வேண்டும் என்று விதியாகவே எழுதுங்கள். பொதுவாகப் பழுது பார்க்கும் கூலி பயணக் கட்டணத்தில் அடங்கும், உதிரிபாகத்தின் விலை தனி என்ற முறை இரு தரப்புக்கும் நியாயமானது.

மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகளை ஏற்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஏற்பதே நல்லது; முழங்கால் வலியுள்ளவரும் முதியவரும் அதனால்தான் குழுவோடு சேர முடிகிறது. ஆனால் இவ்வண்டிகள் பல 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை என்பதால், வாகனத்தின் பின்புறத் தாங்கி அந்த எடையைச் சுமக்குமா என்று பார்த்தாக வேண்டும். விமானத்தில் வருபவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணி (Wh) அளவுக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. மின்மோட்டார் மிதிவண்டியின் மின்கலம் பொதுவாக அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் வாடகைக்கு எடுப்பதைத் தவிர வழி இருக்காது.

பணம், பொறுப்பு, உடல்நலம்

பயணத்தை நடத்தக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், அந்த எண்ணிக்கை சேர்ந்துவிட்டதா என்று எந்தத் தேதியில் அறிவிக்கப்படும் ஆகிய இரண்டையும் விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். அந்த அறிவிப்பு வரும் வரை, திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டுகளை யாரும் வாங்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். அமைப்பாளரே ரத்து செய்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருவதுதான் நேர்மை. பங்கேற்பாளர் விலகினால், விலகும் நாள் பயண நாளை நெருங்க நெருங்கத் திருப்பித் தரும் பங்கு குறைவதில் தவறில்லை. ஏனெனில் தங்குமிடத்துக்கும் வாகனத்துக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் தகுதியுள்ள வேறொருவரைத் தம் இடத்தில் அனுப்பும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். மழையால் ஒரு நாள் ஓட்ட முடியாமல் போனால் பணம் திருப்பித் தரப்படாது. ஆனால் அன்றைக்குத் தங்குமிடம் சேர்க்கும் பொறுப்பு அமைப்பாளருடையது. இடி முழக்கம் கேட்டால் ஓட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ ஒதுங்கி, கடைசி முழக்கத்துக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையொப்பம் வாங்கிவிட்டதால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது தவறு. அமைப்பாளரின் கவனக்குறைவை அத்தகைய படிவம் பல நாடுகளின் சட்டத்தில் காக்காது. காப்பீட்டிலும் மருத்துவச் செலவு, பிறருக்கு நேரும் சேதம், மிதிவண்டிக்கு நேரும் சேதம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. தாங்கியில் ஏற்றும்போது மிதிவண்டியின் சட்டகத்தில் கீறல் விழுந்தால் அது யாருடைய செலவு என்பதைப் பெரும்பாலோர் கீறல் விழுந்த பிறகே கேட்கிறார்கள். அதை முன்பே எழுதிவிடுவது நட்பைக் காப்பாற்றும்.

ஹெல்மெட் விஷயத்தில் விதிவிலக்கே கூடாது. தலையில் அடிபட்டு ஒரு கணமேனும் நினைவிழந்தவரோ, குழப்பமாகப் பேசுபவரோ, வாந்தியெடுப்பவரோ, எவ்வளவு வற்புறுத்தினாலும் அன்று மீண்டும் வண்டியில் ஏறக் கூடாது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அடிபட்ட ஹெல்மெட்டையும் அதோடு மாற்றிவிட வேண்டும். வெப்பம் மிகுந்த நாள்களில் நிறுத்தங்களில் தண்ணீர் மட்டும் வைத்தால் போதாது. மணிக்கணக்காக வியர்த்தவர் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். உப்பு சேர்ந்த தின்பண்டமும், உப்பும் சர்க்கரையும் கரைத்த பானமும் அருகில் இருக்கட்டும்.

உடைமைகளுக்கு ஆளுக்கு ஒரு மென்பை, 15 கிலோ வரை என்ற வரம்பு போதுமானது. வரம்பை மீறிய ஒவ்வொரு பையையும் தூக்கி ஏற்றப்போகிறவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் அதை உறுதியாகக் கடைப்பிடிக்க மனம் வரும். அறையைப் பகிர்ந்துகொள்பவர்களிடம் குறட்டை, உறங்கும் நேரம் ஆகியவற்றைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெறலாம். அன்றைய ஓட்டம் முடியும் வரை மது கூடாது. பிறரைத் தொந்தரவு செய்பவரையும் சாலை விதிகளைத் தொடர்ந்து மீறுபவரையும் எச்சரிக்கைக்குப் பின் பணம் திருப்பித் தராமல் விலக்கப் பயணத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்பதும் விதிகளில் இடம்பெற வேண்டும்.

மருத்துவப் படிவத்தில் ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, நெருக்கடியில் அழைக்க வேண்டியவர் ஆகிய விவரங்களைப் பெற்று, மூடிய உறையில் இரண்டு பிரதிகளாக, வாகனத்தில் ஒன்றும் கடைசி வழிகாட்டியிடம் ஒன்றுமாக வைத்திருங்கள். தேவை ஏற்பட்டால் மட்டுமே உறையைப் பிரிக்க வேண்டும். பயணம் முடிந்து அனைவரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்று உறுதியான பின், காப்பீட்டுக் கோரிக்கை எதுவும் நிலுவையில் இல்லையெனில், இரண்டு பிரதிகளையும் கிழித்து அழித்துவிட்டு, அதைப் பங்கேற்பாளர்களுக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.