கொழும்பில் வேலைக்குச் சேருபவர்களுக்கு: வெற்றுத்தாளில் கையொப்பம் இடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருபவர்கள் அரசாங்க அலுவல்களை நினைத்துப் பயந்துகொண்டு வருகிறார்கள். அவற்றில் பெரிய சிக்கல் இல்லை. வதிவிட விசாவுக்கான பத்திரங்களை நிறுவனமே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கொடுக்கும். ஊரில் நாம் பி.எஃப். என்பது இங்கே ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 சதவீதம் நம்முடையது, 12 சதவீதம் நிறுவனத்துடையது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதத்தை நிறுவனம் தனியே கட்ட வேண்டும்.

என் பயமெல்லாம் நியமனக் கடிதத்தைப் பற்றியது. இராமநாதபுரத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் என் அறையில் தங்கியிருந்த தம்பி ஒருவனைப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு நானே சேர்த்துவிட்டேன். மே மாதக் கடைசியில் சேர்ந்தான். கடிதம் எதுவும் தரவில்லை. ‘விசா அலுவலுக்குத் தேவைப்படும், கீழே மட்டும் சைன் வையுங்கள் தம்பி’ என்று நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட மூன்று வெற்றுத்தாள்களை நீட்டினார்கள். பெரியவர்கள் கேட்கிறார்களே என்று அவனும் போட்டுக் கொடுத்தான். ஜனவரியில் வியாபாரம் மந்தம் என்று சொல்லி அவனை நிறுத்தியபோது, அந்தத் தாள்களில் ஒன்று நியமனக் கடிதமாகவும், மற்றொன்று வேலையை விட்டு நீங்க அவன் சம்மதித்த கடிதமாகவும் மேசைக்கு வந்தன. அவற்றின்படி அவன் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மூன்று மாதத்தை ஏன் விழுங்கினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 180 நாள் வேலை பார்த்துவிட்ட ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். ஒரு தாள் 180 நாளை அழித்தது. அது போதாவிட்டால் கைகொடுக்க மற்றத் தாள் சம்மதத்தை உண்டாக்கியது.

நியமனக் கடிதத்தில் அவனுடைய கையொப்பத்துக்குப் பக்கத்தில் தேதி வேறொரு பேனாவால் எழுதப்பட்டிருந்தது. முந்திய வருடத்து நாட்காட்டி எங்கள் அறைச் சுவரிலிருந்து இன்னும் இறங்கவில்லை. புரட்டிப் பார்த்தேன்: ஆகஸ்ட் மாதத்துப் பௌர்ணமியான நிகினி போயா. அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்த விடுமுறை நாள் அது. அன்று காலை நாங்கள் இருவரும் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் இருந்தோம். அவனுடைய வங்கிப் புத்தகத்திலோ ஜூன் மாதமே முதல் சம்பளம் விழுந்திருந்தது.

இதை வெறும் கடித விவகாரமாக நினைக்காதீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1883 இல் எழுதப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, ஒரு பத்திரம் எழுதப்படாத ஒரு நாளில் எழுதப்பட்டதாக நம்பவைக்கும் நோக்கத்தோடு அதை மோசடியாக உண்டாக்குவதும் பொய்ப் பத்திரம் ஆக்குவதே. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை ஏமாற்றும் எண்ணத்தோடு நிரப்புவதைப் பொய்ப் பத்திரத்துக்கு உதாரணமாகவே அந்தச் சட்டம் காட்டுகிறது. 454 ஆம் பிரிவு இதற்கு 5 ஆண்டு வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கிறது. பொய்யென்று தெரிந்தே அந்தப் பத்திரத்தை உண்மையானதாகப் பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனைதான். இது தவிர, கடை மற்றும் அலுவலக ஊழியருக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை விவரங்களை எழுதித் தராமல் இருப்பதும் குற்றம். சேமலாப நிதியைத் தாமதித்துக் கட்டினால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் நாட்காட்டியையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்தோம். விடுபட்ட மாதங்களின் நிதியையும் ஒரு நட்டஈட்டையும் நிறுவனம் கட்டியது. பொய்த் தேதி எழுதியவர் மட்டும் நீதவான் நீதிமன்றத்தின் படியேறவில்லை. விசா முடிந்துவிடும் என்ற பயத்தில், பொலிஸில் முறைப்பாடு செய்யாமலே தம்பி ஊருக்குக் கப்பலேறிவிட்டான். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அதுதான். அவனைப் பிடித்து நிறுத்தி, முதல் நாளே பொலிஸுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே சேரும் அன்றே தேதியிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே ஒப்பமிடுங்கள். ஒப்பத்தோடு தேதியையும் உங்கள் கையாலேயே எழுதி, அங்கேயே கைபேசியில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க 6 மாதம்தான் உண்டு. விமானச் சீட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.