பழைய பிஸ்டலுக்கு வீட்லயே ரஸ்ட் ப்ளூயிங், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பழைய பிஸ்டல் எதை எடுத்தாலும் கலர் முதல்ல போறது ஸ்லைடோட (மேல முன்னும் பின்னும் ஓடுற இரும்பு பாகம்) முன்பக்கம், ஓரங்கள், அப்புறம் உள்ளங்கை படுற பின்பக்க வளைவு. ஹோல்ஸ்டர்ல போட்டு எடுத்து போட்டு எடுத்து தோல் உரசி ஓரம் வெள்ளையாயிடும், கை வேர்வைல இருக்கிற உப்பு பின்பக்கத்த தின்னுடும். அந்த நீலக் கருப்பு (இதத்தான் ப்ளூன்னு சொல்றது) பெயிண்ட் கிடையாதுங்க, இரும்போட மேல்தோலே கருப்பு ஆக்சைடா மாறி நிக்கிறதுதான், அதனாலதான் அது சுரண்டினா உரியாம தேஞ்சு தேஞ்சு போகுது. அதையே திரும்ப வரவைக்க வீட்ல செய்யக்கூடிய முறைகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது ரஸ்ட் ப்ளூயிங். துருவை வச்சே துருவை அடக்குற வேலை, பொறுமை மட்டும் நிறைய வேணும்.

வேலைக்கு முன்னாடி சட்டம். இது அமெரிக்கால சொந்தமா, சட்டப்படி பிஸ்டல் வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறது. இந்தியால இருக்கிறவங்க தயவுசெஞ்சு வீட்ல கை வைக்காதீங்க, 1959 ஆயுதச் சட்டத்துல 5வது பிரிவுப்படி துப்பாக்கி ரிப்பேர் பண்ற தொழிலுக்கு தனி லைசென்ஸ் வேணும், அந்த லைசென்ஸ் இருக்கிற கடைல கொடுத்து செய்றதுதான் சரி. அப்புறம் எந்த நாடா இருந்தாலும் சீரியல் நம்பர் மேல உப்புத்தாள் படவே கூடாது. நம்பர் அழிஞ்ச துப்பாக்கிய வச்சிருக்கிறதே அமெரிக்கால ஃபெடரல் குற்றம், இந்தியாலயும் அதே சட்டத்தோட 8வது பிரிவு அடையாளக் குறிய அழிக்கக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது.

அடுத்து இன்னொரு கேள்வி, இந்த பிஸ்டலுக்கு இது தேவையா? பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க ஒரிஜினல் ஃபினிஷுக்குத்தான் காசு கொடுப்பாங்க, தேஞ்சு போயிருந்தாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான், புதுசா ப்ளூ போட்டா விலை பெருசா அடி வாங்கும். உதாரணத்துக்கு கோல்ட் (Colt) கம்பெனியோட 1903 பாக்கெட் ஹாமர்லெஸ் பிஸ்டல். ஜான் பிரவுனிங் டிசைன் பண்ணது, 1903ல இருந்து 1945 வரைக்கும் .32 ஏசிபிங்கிற தோட்டா அளவுல மட்டும் 5 லட்சத்துக்கு மேல போட்டாங்க, அதனால தேஞ்ச பீஸ் ஈசியா கிடைக்கும், பழகுறதுக்கு நல்ல பிஸ்டல். ஆனா அதே மாடல்தான் அமெரிக்க ராணுவத்துல ஜெனரல் ஆபீசர்ஸுக்கும் கொடுத்தாங்க, "யு.எஸ். ப்ராப்பர்ட்டி"ன்னு முத்திரை இருந்தா அதை தொடாம விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட காட்டிருங்க. என் கணக்கு என்னன்னா பழைய ப்ளூ பாதிக்கு மேல மிச்சம் இருந்தா விட்டுடலாம், ஏற்கனவே யாரோ பஃபிங் (மெஷின் சக்கரத்துல பாலிஷ்) பண்ணி கெடுத்ததோ இல்ல முழுக்க வெளுத்ததோன்னா தாராளமா செய்யலாம்.

விட்டுடலாம்னு முடிவு பண்ணவங்களுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. எண்ணெய் நல்லா தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பிரான்ஸ் வுல் (bronze wool, வெண்கல இழைப் பஞ்சு) வச்சு மெதுவா தேச்சா மேல இருக்கிற சிவப்புத் துரு மட்டும் வந்துடும், கீழ இருக்கிற ப்ளூ நிக்கும். அதுக்கப்புறம் ரினைசன்ஸ் வேக்ஸ் மெல்லிசா ஒரு பூச்சு, பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 1950கள்ல உருவாக்கின மெழுகு அது, மியூசியங்கள்ல இரும்புச் சாமான் மேல இன்னைக்கும் தடவுறாங்க. அவ்ளோதான், உங்களுக்கு வேலை இங்கயே முடிஞ்சுது.

இனி முழுசா செய்யப் போறவங்களுக்கு. கடைல முதல்ல கண்ணுல படுறது கோல்ட் ப்ளூ (cold blue, சூடு பண்ணாம பூசுறது) பாட்டில், அஞ்சு நிமிஷத்துல கருப்பாயிடும், ஆனா அது செலினியமும் செம்பும் சேர்ந்து மேல படியிற படலம்தான், ஹோல்ஸ்டர்ல கொஞ்ச நாள் போனா திரும்ப வெளுத்துடும், அந்த ரசாயனமும் விஷம். ஸ்க்ரூ தலை, சின்ன கீறல் இதுக்கு ஓகே, முழு ஸ்லைடுக்கு வேண்டாம். ஹாட் ப்ளூ நல்லா உழைக்கும், ஆனா காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த உப்புக் கரைசல 140 டிகிரி செல்சியஸ் பக்கம் கொதிக்க வைக்கணும், ஒரு சொட்டு தண்ணி தப்பா விழுந்தா வெடிச்சு தெறிக்கும், வீட்ல அதை நெனச்சுக்கூட பாக்காதீங்க. ரஸ்ட் ப்ளூதான் நமக்கு. ஜெர்மன் லூகர் பிஸ்டலெல்லாம் 1937 வாக்குல வரைக்கும் இப்படித்தான் ஃபேக்டரில இருந்து வந்துச்சு. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பழைய கோல்ட் பிஸ்டல்ல இருந்த பளபள கண்ணாடி ப்ளூ இதுல வராது, அது கரியோட சூளைல வச்சு எடுத்தது. இதுல வர்றது மங்கலான, ஆழமான கருப்பு, எனக்கு அது இன்னும் அழகாவே தெரியும்.

வாங்க வேண்டியது: ஸ்லோ ரஸ்ட் ப்ளூ கரைசல் ஒரு பாட்டில், அசிட்டோன், டிஸ்டில்ட் வாட்டர் சில கேலன், நாலு ஜீரோ (0000, ரொம்ப மெல்லிசான) ஸ்டீல் வுல், 220, 320, 400 நம்பர் உப்புத்தாள், வெள்ளை வினிகர், பேக்கிங் சோடா, நைட்ரைல் கிளவுஸ், கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு பழைய ஸ்டெயின்லெஸ் பாத்திரம். பாத்திரம் அலுமினியமா இருக்கக்கூடாது, இந்த வேலைக்கு எடுத்தா மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது. கரைசல்ல ஆசிட் இருக்கும், சில பழைய ஃபார்முலால பாதரச உப்பும் இருக்கும், அதனால வாங்குறப்பவே லேபிள் படிச்சுப் பாருங்க.

பிரிக்கிறது

மேகசின (தோட்டா அடுக்குற பெட்டி) வெளிய எடுங்க, ஸ்லைட இழுத்து சேம்பர (சுடுறப்ப தோட்டா உக்கார்ற அறை) கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாருங்க, தோட்டா அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. அப்புறம் மேனுவல் பாத்து முழுசா பிரிங்க, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போன்ல போட்டோ எடுத்துக்குங்க. கிரிப் தகட தனியா வைங்க, பழைய ஹார்டு ரப்பர் வெந்நீரும் அசிட்டோனும் தாங்காது. ஸ்ப்ரிங், ஃபயரிங் பின் ரெண்டையும் இந்த வேலைல சேர்க்கவே வேண்டாம், ஆசிட் பட்ட ஸ்ப்ரிங் உள்ளுக்குள்ள உடையிற தன்மைக்கு வந்துடும். பேரலும் தனியா இருக்கட்டும். காந்தம் வச்சுப் பாருங்க, ஃப்ரேம் அலுமினியமா இருந்தா ஒட்டாது, இந்த முறை அதுக்கு பலிக்காது. நிக்கல் பூசினதுக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் கூட பலிக்காது.

பழைய ப்ளூவ எடுக்கிறதும் தேய்க்கிறதும்

அசிட்டோன்ல துடைச்சு எண்ணெய் போக்கினதும் வினிகர்ல போடுங்க, சில நிமிஷத்துல பழைய ப்ளூ சாம்பலா கரைஞ்சு வந்துடும். பக்கத்துலயே இருந்து பாத்து எடுத்து, சோடா கலந்த தண்ணில கழுவி உடனே காய வைங்க, விட்டா கண் முன்னாடியே துரு ஏறும்.

இப்ப தேய்க்கிறது. மொத்த வேலையோட தரமும் இங்கதான் இருக்கு, ப்ளூ நல்லா வந்துச்சா இல்லையான்னு கேக்கிறவங்க உண்மையில இந்த ஸ்டெப்பதான் கேக்குறாங்க. பஃபிங் வீல் வேண்டவே வேண்டாம். அது ஓரத்த உருட்டிடும், ஸ்க்ரூ ஓட்டைய குழியாக்கிடும், எழுத்த கரைச்சுடும். தட்டையான இடத்துக்கு தட்டையான கட்டை, வளைவுக்கு அதே வளைவுல கெட்டி ரப்பர் துண்டு, அதுல உப்புத்தாள சுத்தி ஸ்லைடோட நீளவாக்குல மட்டும் தேயுங்க. 220, அப்புறம் 320, கடைசில 400. ஒவ்வொரு நம்பர்லயும் முந்தின கீறல் முழுசா போனாத்தான் அடுத்தது. 400க்கு மேல போய் பளபளன்னு ஆக்கினா பிரயோஜனம் இல்ல, துரு எப்படியும் மேற்பரப்ப கொஞ்சம் சொரசொரப்பாக்கும்.

எழுத்து, கோல்ட் கம்பெனியோட குதிரை முத்திரை, நம்பர் இருக்கிற இடத்துல டேப் ஒட்டி ஒதுக்கிடுங்க. அது பக்கத்துல ஆழமா குழி இருந்தா குழிய அப்படியே விடுங்க, குழியோட இருக்கிற ஒரு கூர்மையான எழுத்து, குழி இல்லாத மங்கின எழுத்த விட நூறு மடங்கு மேல். அந்த இடத்துல டேப்ப எடுத்துட்டு ஸ்டீல் வுல் மட்டும் போதும்.

துரு ஏத்துறது

இதுல இருந்து கிளவுஸ் இல்லாம தொடாதீங்க, ஒரு விரல் ரேகை போதும், அந்த இடம் மட்டும் ப்ளூ ஏறாது. ஜன்னல திறந்து வச்சு, அடுப்பு பக்கத்துல இல்லாம, அசிட்டோன்ல ரெண்டு தடவை துடைங்க, துணில அழுக்கே வரக்கூடாது. ஸ்டீல் வுல்லயும் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோன்ல அலசி காயப்போடுங்க, நிறைய பேர் இத மறந்துடுறாங்க.

பஞ்ச கரைசல்ல தொட்டு நல்லா பிழிஞ்சு, ஈரம் இருக்கா இல்லையாங்கிற அளவுல, ஒரு முனைல இருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பா இழுங்க. பூசின இடத்துக்கு திரும்பப் போகாதீங்க. சொதசொதன்னு போட்டா வழிஞ்சு கோடு விழும், அந்தக் கோடு கடைசி வரைக்கும் தெரியும். ஸ்லைடு ஓடுற ரெயில், தோட்டாவோட அடிப்பக்கம் உக்கார்ற முகம், உள்பக்கம் இதுலல்லாம் கரைசல் படாம பாத்துக்குங்க.

அப்புறம் ஈரமான இடத்துல தொங்கவிடணும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடில ஒரு டப்பால வெந்நீர், மேல கம்பி கட்டி பார்ட்ஸ ஒண்ணோட ஒண்ணு படாம தொங்கவிடுங்க, மூடில தண்ணி சேர்ந்து சொட்டக்கூடாது. காத்துல ஈரம் 70ல இருந்து 80 சதவீதம் இருந்தா நல்லது, சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. ஊரையும் கரைசலையும் பொறுத்து மூணு நாலு மணி நேரத்துல இருந்து ராத்திரி முழுக்க கூட ஆகும். பாத்துக்கிட்டே இருங்க, மெல்லிசா சமமா ஆரஞ்சு துரு படிஞ்சா எடுத்துடணும், கெட்டியா செதில் செதிலா வர விட்டா அடில குழி விழுந்துடும்.

கொதிக்க வைக்கிறது, தேய்ச்செடுக்கிறது

டிஸ்டில்ட் வாட்டர் தளதளன்னு கொதிக்கணும், அதுல பார்ட்ஸ கம்பில தொங்கவிட்டு 20 நிமிஷம். குழாய்த் தண்ணி ஊத்தினா அதுல இருக்கிற உப்பு வெள்ளைப் புள்ளியா ஒட்டிக்கும். ஆரஞ்சு அப்படியே கருப்பா மாறுறத பாக்கலாம், சிவப்பு இரும்பு ஆக்சைடு சூட்டுல கருப்பு மேக்னடைட்டா மாறுது, மொத்த வித்தையும் இதுதான். வெளிய எடுத்தா சூட்டுலயே காஞ்சுடும்.

இப்ப மேல கரித்தூள் போல ஒரு படலம் இருக்கும், அத ஸ்டீல் வுல்ல அழுத்தாம தேய்ச்செடுங்க. அடில நிக்கிறதுதான் நமக்கு வேண்டியது. முதல் தடவை வெறும் சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா இருக்கும், மனசு விட்டுடாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான் வரும். திரும்ப அதே கரைசல், துரு, கொதி, தேய்ப்பு. மூணாவது நாலாவது சுத்துல திட்டெல்லாம் ஒண்ணு சேரும், பெரும்பாலும் ஆறுல இருந்து எட்டு சுத்துக்குள்ள கலர் ஆழமாகுறது நின்னுடும். நின்னா நிறுத்திடுங்க. நடுவுல எங்கயாவது வெள்ளையா நின்னா எண்ணெய் பட்டிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்த மட்டும் அசிட்டோன் போட்டு அடுத்த சுத்துல ஏத்துங்க.

கடைசி வேலை

ஆசிட் உள்ள நின்னா ப்ளூக்கு மேலயும் துரு வந்துகிட்டே இருக்கும், அதனால பேக்கிங் சோடா கலந்த தண்ணில ஒரு கொதி விட்டு, அப்புறம் சுத்தமான டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு கொதி. சூடு ஆறுறதுக்குள்ள எண்ணெய வழிய வழிய தடவி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. தோசைக்கல்ல எண்ணெய் ஏத்திப் பழக்குறோமே, அதேதான் இது, அந்த கருப்புப் படலத்துல நுண்ணுண்ணா துளை இருக்கும், எண்ணெய் அதுக்குள்ள போய் உக்காந்தாத்தான் துரு நிக்கும், ப்ளூ தனியா பெருசா காப்பாத்தாது. மறுநாள் பாத்தா கலர் இன்னும் ஒரு படி ஆழமாயிருக்கும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ரெயில், உள் மூலை எல்லாத்துலயும் துருத்தூளும் ஸ்டீல் வுல் இழையும் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்து துடைங்க. மாட்டினதும் தோட்டா இல்லாம ஸ்லைடு தடையில்லாம ஓடுதா, சேஃப்டி பிடிக்குதான்னு செக் பண்ணுங்க. எதாவது இடிச்சா நீங்களே அரத்த எடுக்காம கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கொடுத்துடுங்க, சுடுற வேலையும் அவர் பாத்து சரின்னு சொன்ன பிறகுதான்.

தோல் ஹோல்ஸ்டருக்குள்ள வச்சு மூடிப் போடாதீங்க, தோல் பதனிட்ட உப்பு ஈரத்த இழுத்து புது ப்ளூவ கடிச்சிடும். பூட்டு போட்ட சேஃப்ல சிலிக்கா ஜெல் பை ஒண்ணோட வச்சு, ஒவ்வொரு தடவை கையில எடுத்த பிறகும் எண்ணெய்த் துணில ஒரு துடைப்பு துடைச்சு வைங்க.