சர்ட்டிஃபைடு பழைய காரில் கீறலைப் பார்ப்பது எப்படி?

சர்ட்டிஃபைடு கார், அதாவது விற்பவர்களே சோதித்துச் சான்று கொடுத்து விற்கும் பழைய காரில், எஞ்சின், பிரேக், கியர் இவற்றைத்தான் முக்கியமாகச் சோதிப்பார்கள். பம்பர் ஓரத்து உரசலும் பானெட்டில் கல் தெறித்த புள்ளிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள்.

பெயிண்ட் பூத்தில் வேலை பார்ப்பவன் நான். என் கண் முதலில் கதவு ஓரத்துக்குத்தான் போகும். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை (பீடிங்) விரலால் லேசாக விலக்குங்கள். அதன் விளிம்பில் பெயிண்ட் தூசி படிந்திருந்தால் அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்டின் தடிமனை அளக்கும் பெயிண்ட் மீட்டர் கிடைத்தால் ஒவ்வொரு பேனலிலும் வையுங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பேனல் மட்டும் 300-ஐத் தாண்டினால் ரீபெயிண்ட். ஆயிரத்துக்கு மேல் போனால் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்திருக்கிறார்கள், அடி எப்படிப் பட்டது என்று கேட்டே ஆகவேண்டும்.

கீறல் மேல் நகத்தை ஓட்டுங்கள். சிக்காவிட்டால் பெரும்பாலும் பாலிஷிலேயே போய்விடும். சிக்கினால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட்டுவிடும் டச்அப்தான், இல்லை முழுப் பேனல் பெயிண்ட்.

பகல் வெளிச்சத்தில், காய்ந்த வண்டியைப் பாருங்கள். ஈர பாடியில் நெளிவும் கீறலும் மறைந்துவிடும்.

விற்பவர்கள் கீறலைச் சரிசெய்து தருகிறோம் என்றால் எந்தப் பேனல், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். வேலையைப் பார்த்தபிறகே மீதிப் பணம்.