கார் இல்லாமல் ஷ்ராப்ஷயர்: லட்லோ சந்தையும் ஸ்டோக்சே கோட்டையும் ஒரே நாளில்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில் வேல்ஸை ஒட்டிக் கிடக்கும் ஷ்ராப்ஷயரை ரயிலிலேயே நன்றாகச் சுற்றலாம். தங்குவதற்கு ஷ்ரூஸ்பரி வசதி. அங்கிருந்து தெற்கே சர்ச் ஸ்ட்ரெட்டன், க்ரேவன் ஆர்ம்ஸ், லட்லோ மூன்றும் ஒரே தடத்தில் வரிசையாக வரும்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். லட்லோ சந்தை வழக்கமாகக் கூடுவது திங்கள், புதன், வெள்ளி, சனி. திங்களன்று ஷ்ரூஸ்பரியின் மார்க்கெட் ஹால் மூடியிருக்கும். இரண்டையும் பார்க்க மற்ற மூன்று நாட்களே நல்லது.

2. ஷ்ரூஸ்பரி–லட்லோ டே ரிட்டர்ன் (அதே நாளில் போய்த் திரும்பும்) டிக்கெட் வாங்குங்கள். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். மலிவாக இருக்கிறதென்று 'அட்வான்ஸ்' டிக்கெட் எடுத்தால் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏறலாம், நடுவில் இறங்க முடியாது. ஸ்டோக்சே பார்க்க நாம் க்ரேவன் ஆர்ம்ஸில் இறங்கியாக வேண்டுமே!

3. காலையிலேயே நேராக லட்லோ போய்விடுங்கள். அரை மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து மேடேறிப் பத்து நிமிடம் நடந்தால் சந்தைச் சதுக்கம், அதன் கோடியில் கோட்டை வாசல். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502-ல் இறந்தது இந்தக் கோட்டையில்தான். உள்ளே வட்டமாகக் கட்டிய நார்மன் காலத் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள்.

4. மதியம் திரும்பும் வழியில் க்ரேவன் ஆர்ம்ஸ். எல்லா ரயிலும் இங்கே நிற்காது. இறங்கும் ரயில், மறுபடி ஏறும் ரயில் இரண்டின் நேரத்தையும் காலையிலேயே குறித்து வையுங்கள். நெடுஞ்சாலையோரமாகத் தெற்கே அரை மணிக்குள் நடந்தால் ஸ்டோக்சே. பெயரில் கோட்டை என்றிருந்தாலும், லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 1280-களில் கட்டத் தொடங்கிய மாளிகை இது. கூடத்தில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். படிக்கட்டின் ஒவ்வொரு படியும் முழு மரத்தை அறுத்துச் செய்தது. புகைபோக்கி கிடையாது, நடுத்தரையில் மூட்டிய நெருப்பின் கரி கூரைச் சட்டங்களில் இன்னும் படிந்திருக்கிறது. எங்களைக் கேட்டால், நேரம் குறைந்தால் லட்லோவில் ஒரு மணியைக் குறைத்தாவது இதைப் பாருங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சர்ச் ஸ்ட்ரெட்டனை இதே நாளில் திணிக்காதீர்கள். அங்குள்ள 516 மீட்டர் உயர லாங் மிண்ட் மலைக்கு ஒரு முழு நாள் வேண்டும். பழைய இரும்புப் பாலத்துக்குப் பெயர்போன அயர்ன்பிரிட்ஜுக்கு ரயில் நிலையம் இல்லை. அதற்கு பஸ் நேரம் பார்த்துத் தனியாகத் திட்டமிடுங்கள்.