கிரீன்ஸ்டெட் மரக்கோயிலின் வயதைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ஓங்கார் ஊரை ஒட்டிய கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறது. ஓக் மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, தட்டையான பக்கம் உள்ளேயும் உருண்ட பக்கம் வெளியேயும் வருமாறு வரிசையாக நிறுத்தி எழுப்பிய சுவர்கள். இத்தனை நூற்றாண்டுகள் மரம் தாங்கி நிற்பதைப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பிழையாக எழுதப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு, 845-ஆம் ஆண்டில் கட்டியது என்று எழுதுவது. அது பழைய கணிப்பு. 1990-களில் மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, எஞ்சியிருக்கும் கடைசி வளையம் 1053-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. உடனே '1053-இல் கட்டினார்கள்' என்று எழுதினால் அது இன்னொரு தவறு. 1053 மரத்தின் உட்புறக் கெட்டியான வைரப் பகுதியின் வளையம். அதைச் சுற்றியிருந்த வெளிறு, அதாவது பட்டையை அடுத்த மென்மரம், போய்விட்டது. ஓக் மரத்தில் அந்த வெளிறு 10 முதல் 55 வளையம் வரை இருக்கலாம் என்று கொள்கிறார்கள். அதையும் கூட்டினால் மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் இடையில் என்றாகிறது. நார்மானியர் படையெடுத்து இங்கிலாந்தில் சாக்சன் ஆட்சியை முடித்த 1066 இந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. ஆகவே கட்டிய முறை சாக்சன் மரபு என்று சொல்லலாம். கட்டிய காலமும் சாக்சன் ஆட்சிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இதையொட்டி இன்னொன்று. 869-இல் கொல்லப்பட்டு, பின்னர் புனிதராகப் போற்றப்பட்ட கிழக்கு ஆங்கிலியா அரசர் எட்மண்டின் உடலை 1013-இல் லண்டனிலிருந்து பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்குக் கொண்டுபோனபோது ஓங்கார் பக்கம் ஒரு மரக்கோயிலில் வைத்தார்கள் என்பது மரபு. 'இதே சுவர்களுக்குள்தான் வைத்தார்கள்' என்று எழுதுகிறார்கள். அப்போது இந்த மரங்கள் வெட்டப்படவே இல்லை. 1960-இல் பீடப் பகுதியின் கீழே தோண்டியபோது இதைவிடப் பழைய மரக்கட்டடங்களின் தடயங்கள் கிடைத்தன. மரபு மெய்யென்றால் அங்கேதான் அதற்கு இடம் உண்டு.

முழுக் கோயிலுக்கும் ஒரே வயது சொல்வதுதான் நான் அதிகம் காணும் பிழை. மக்கள் கூடும் நடுக்கூடம் மட்டுமே அந்த மரம். பீடப் பகுதி 1500-ஐ ஒட்டி எழுந்த செங்கல் கட்டு. அதன் அடியில் நார்மானியர் காலத்துச் சக்கிமுக்கிக் கல் தெரியும். வெள்ளைப் பலகை அடித்த கோபுரத்தின் மணியில் 1618 என்று பொறித்திருக்கிறது. கூரை ஜன்னல்களும் பிற்காலத்தவை.

வடசுவரில் உள்ள சிறு துளையைத் தொழுநோயாளிகள் வெளியே நின்று வழிபாட்டைக் கண்ட துவாரம் என்பார்கள். இங்கிலாந்துக் கிராமக் கோயில்கள் பலவற்றிலும் இந்தக் கதை உண்டு. ஊரை விட்டு ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் கோயில் முற்றத்துக்கு வந்து நின்றிருப்பார்களா? தீர்த்தக் கிண்ணம் வைத்த இடமாகவும் அது இருக்கலாம்.

மரச்சுவருக்குக் கீழே செங்கல் வரிசையைப் பார்ப்பவர்கள் அதையும் பழைய அடித்தளம் என்றே எண்ணிவிடுகிறார்கள். அது 1848-49 சீரமைப்பின் வேலை: உளுத்துப்போன அடிமரத்தை அறுத்துவிட்டு, செங்கல்லின் மேல் புது உத்தரம் கிடத்தி அதில் நிறுத்தினார்கள். இன்றைய சுவரின் உயரம் அன்றைய உயரம் அல்ல.