ரியாக்டர் எத்தனை லிட்டர் வேண்டும்? காஸ்டிக்கையும் எத்தில் அசிட்டேட்டையும் வைத்து ஒரு கணக்கு

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த பலரும் லேபில் இதைச் செய்திருப்பார்கள். எத்தில் அசிட்டேட்டையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் (காஸ்டிக்) கலப்பது, சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து அமிலத்தில் கொட்டி வினையை நிறுத்துவது, மிச்ச அமிலத்தை டைட்ரேட் செய்து, பினாப்தலின் இளஞ்சிவப்பு காட்டியதும் ப்யூரெட்டை மூடுவது. கிடைப்பது சோடியம் அசிட்டேட்டும் எத்தில் ஆல்கஹாலும். அதே வினையைத் தொடர் ஓட்டத்தில் நடத்த எவ்வளவு பெரிய ரியாக்டர் (வினை நடக்கும் கலன்) வேண்டும் என்பதுதான் இன்றைய கணக்கு. கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: தெரிந்ததை எழுதி வையுங்கள்

இரண்டு கரைசலும் லிட்டருக்கு 0.1 மோல். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 5 லிட்டர் வருகிறது, மொத்தம் 10 லிட்டர். 25 டிகிரியில் வேக மாறிலி (வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 0.11, அலகு லிட்டர் / (மோல்·விநாடி). ஓட்டம் நிமிஷக் கணக்கில் இருப்பதால் இதை 60-ஆல் பெருக்கி 6.6 என்று இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ரியாக்டர் 60 மடங்கு பெருத்து நிற்கும். அந்தத் தப்பையாவது விடையைப் பார்த்ததும் பிடித்துவிடலாம்.

பிடிபடாத தப்பு வேறு. பாட்டிலில் 0.1 என்று ஒட்டியிருக்கிறது. ஆனால் இரண்டும் சம அளவில் கலந்ததும் ஒன்றை ஒன்று நீர்க்கச் செய்துவிடுகிறது. ரியாக்டருக்குள் நுழையும் செறிவு 0.05 மோல்தான். நான் முதல் தடவை 0.1 என்றே போட்டேன். விடை 303 லிட்டர் என்று அழகாக வந்தது, சந்தேகமே வரவில்லை. நிஜமாக அந்த அளவில் கலக்கித் தொட்டி ஒன்றைக் கட்டியிருந்தால் இலக்கு வைத்த 80 சதவீத வினைக்குப் பதில் 73-தான் கிடைத்திருக்கும்.

படி 2: கன்வர்ஷன்

உள்ளே வந்த காஸ்டிக்கில் எவ்வளவு பங்கு வினைபுரிந்து தீர்ந்தது என்பதுதான் கன்வர்ஷன். 100 மோல் வந்து 80 தீர்ந்தால் 0.8. நமக்கு வேண்டியதும் அதுதான். உள்வரும் மோல் ஓட்டம் 0.05 × 10, அதாவது நிமிஷத்துக்கு 0.5 மோல்.

படி 3: வினைவேகத்தைக் கன்வர்ஷனில் எழுதுங்கள்

இது இரண்டாம் வகை வினை. இரண்டு பொருளும் சம செறிவில் இருப்பதால் வேகம் = வேக மாறிலி × செறிவின் வர்க்கம். மிச்சமிருக்கும் செறிவு 0.05 × (1 − கன்வர்ஷன்). எண்களைப் போட்டால்:

வேகம் = 0.0165 × (1 − கன்வர்ஷன்)²

தொடக்கத்தில் 0.0165. கன்வர்ஷன் 0.8-ஐத் தொடும்போது 0.00066. இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் இதுதான் விளையாடும்.

படி 4: கலக்கித் தொட்டி (சி.எஸ்.டி.ஆர்.)

நன்றாகக் கலக்கும் தொட்டியில் எந்த மூலையில் மாதிரி எடுத்தாலும் வெளியே போகும் கரைசலின் செறிவுதான் இருக்கும். புதிதாக விழும் கரைசல் விழுந்த கையோடு நீர்த்துப்போகிறது. ஆகவே முழுத் தொட்டியும் அந்தச் சுணங்கிய கடைசி வேகத்திலேயே ஓடுகிறது. டிசைன் ஈக்குவேஷன் இவ்வளவுதான்:

கொள்ளளவு = மோல் ஓட்டம் × கன்வர்ஷன் ÷ வெளியேறும் இடத்து வேகம்

0.5 × 0.8 ÷ 0.00066 = 606 லிட்டர்.

படி 5: குழாய் ரியாக்டர் (பி.எஃப்.ஆர்.)

குழாயில் கரைசல் வரிசையாக நகர்கிறது. முன்னால் போனது பின்னால் வருவதோடு கலப்பதில்லை. நுழைவாயிலில் வேகம் அதிகம், போகப்போகக் குறைகிறது. ஒவ்வொரு துண்டையும் அதனதன் வேகத்தில் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும், அதாவது தொகையிட வேண்டும். இந்த வினைக்குத் தொகை எளிதாகவே வருகிறது:

கொள்ளளவு = (0.5 ÷ 0.0165) × கன்வர்ஷன் ÷ (1 − கன்வர்ஷன்) = 30.3 × 4 = 121 லிட்டர்.

அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு இடம்! 90 சதவீதம் கேட்டால் குழாய் 273 லிட்டர், தொட்டி 2,727 லிட்டர். கடைசிப் பத்து சதவீதத்துக்குக் கொடுக்கும் விலை அது. “இன்னும் கொஞ்சம் கன்வர்ஷன் கூட்டிடலாமே” என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

படி 6: சூத்திரம் கிடைக்காதபோது

வேகத்துக்குச் சமன்பாடு இல்லை, லேபில் எடுத்த புள்ளிகள் மட்டும்தான் என்றால் வரைபடம் இருக்கிறது. குறுக்கே கன்வர்ஷன், நெடுக்கே (மோல் ஓட்டம் ÷ வேகம்). வேதிப் பொறியாளர் ஆக்டேவ் லெவென்ஸ்பீலின் பெயரால் இதை லெவென்ஸ்பீல் பிளாட் என்பார்கள். நம் கணக்கில் 0, 0.2, 0.4, 0.6, 0.8 ஆகிய கன்வர்ஷன்களுக்கு உயரம் முறையே 30.3, 47.3, 84.2, 189.4, 757.6. வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு குழாயின் கொள்ளளவு. கடைசிப் புள்ளியின் உயரத்துக்குப் போட்ட முழுச் செவ்வகம் தொட்டியின் கொள்ளளவு. வளைவுக்கு மேலே மிஞ்சும் இடமெல்லாம் நாம் கூடுதலாக வாங்கும் எஃகு.

இந்த ஐந்து புள்ளியையும் சிம்ப்சன் விதியில் (புள்ளிகளை வைத்து வளைவின் பரப்பைத் தோராயமாகக் காணும் முறை) போட்டால் 127 வருகிறது. சரியான விடை 121. கடைசியில் வளைவு செங்குத்தாக ஏறுவதால்தான் இந்தப் பிசகு. அந்தப் பக்கம் புள்ளிகளை நெருக்கமாக எடுத்தால் சரியாகிவிடும்.

ஒரு செவ்வகத்தை இரண்டாக உடைத்தால்? முதல் தொட்டி 0.6 வரை (114 லிட்டர்), இரண்டாவது அங்கிருந்து 0.8 வரை (151 லிட்டர்). மொத்தம் 265. ஒற்றைத் தொட்டியில் பாதிகூட இல்லை. இரண்டாவது தொட்டிக்குச் சூத்திரத்தில் கன்வர்ஷனாகப் போட வேண்டியது 0.8 − 0.6 மட்டுமே. நிறையப் பேர் முழு 0.8-ஐயும் போட்டுவிடுகிறார்கள்.

படி 7: லிட்டரிலிருந்து இரும்புக்கு

606 லிட்டர் என்பது கரைசல் நிற்கும் அளவு. கலக்கும்போது மேலே காலியிடம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு விட்டால் சுமார் 760 லிட்டர் பாத்திரம்.

குழாய்க்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி. 10 செ.மீ. உள்விட்டம் எடுத்தால் 15 மீட்டர் நீளம் போதும், ஆசையாக இருக்கும். ஆனால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் அமைதியானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 2,400 பக்கம்தான். ஓட்டம் மந்தமாகி, நடுவில் போவது முந்திக்கொள்ளும், சுவரோரம் போவது தங்கிவிடும். வரிசையாக நகர்கிறது என்று படி 5-இல் வைத்த அனுமானமே அப்போது செல்லாது. 2.5 செ.மீ. எடுத்தால் ஓட்டம் நன்றாகக் கொந்தளிக்கும், ஆனால் கிட்டத்தட்ட 247 மீட்டர் குழாய், அதைத் தள்ள பம்ப். 5 செ.மீ. என்றால் 62 மீட்டர், ரெனால்ட்ஸ் எண் 4,700 சொச்சம். நானாக இருந்தால் இதை எடுத்துச் சுருளாகச் சுற்றிவிடுவேன்.

கணக்கு முழுவதும் 25 டிகிரிக்குப் போட்டது. சித்திரை வெயிலில் லேப் 32 டிகிரியில் கொதித்தால் இந்த வினையின் வேக மாறிலி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ப்யூரெட்டில் கணக்குக்கு மேலே கன்வர்ஷன் வந்தால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.